நான் மாற்றிக் கேட்ட கேள்வி

நான் வேலை செய்யும் மனநல மருத்துவமனையில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், முதல் நாளே அவரிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்போம்: "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" பெர்ன் நகருக்குச் சற்று வெளியே இருக்கும் அந்தக் கட்டடத்தில், ரெகுலா என்ற மூத்த தாதி இதைக் கேட்டதை முதன்முதலாகப் பார்த்தபோது குறிப்பேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கோப்பிக்குப் பால் வேண்டுமா என்று விசாரிக்கும் அதே குரல். கேட்கப்பட்டவரோ கோபிக்கவில்லை. "ஆம், சில நாட்களில்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். ரெகுலா அடுத்த கேள்விக்குப் போனார். பன்னிரண்டு வருடங்களாக நானும் அந்தக் கேள்வியை ஜெர்மன் மொழியில் கேட்டுவருகிறேன். கூச்சம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊரில் நாங்கள் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. சுன்னாகத்தில் என்னோடு படித்த ஒருத்தியின் தாய் இறந்தபோது காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் இல்லை என்பது செத்தவீட்டுக்கு வந்த எல்லாருக்கும் தெரியும். நான் ஏதோ கேட்கப்போக, அம்மா என் கையைக் கிள்ளி, "வாயைத் திறவாதை" என்றார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடியும்வரை ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தும், அவளிடம் தாயைப் பற்றி நான் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. கேளாமல் விடுவதுதான் இரக்கம் என்று பழகிக்கொண்டேன்.

போன இலையுதிர்காலத்தில் சிவபாலன் அண்ணையை அவருடைய மனைவி எங்கள் நோயாளர் வாட்டுக்குக் கூட்டிவந்தார். ஐம்பத்தெட்டு வயது. உணவகச் சமையலறைகளிலேயே இருபத்தெட்டு வருடம் நின்று வேலைசெய்த மனிதர். முதுகு நோவால் வேலையை விட்டபின், சாப்பாடும் நித்திரையும் குறைந்து, பேச்சும் நின்றுவிட்டது. அவருடைய ஜெர்மன் சமையலறையோடு முடிந்துவிடும். இப்படியானவர்களுக்கு வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளரை அழைப்பது எங்கள் ஒழுங்கு. அன்றைக்கு யாரும் அகப்படவில்லை. மூன்று நாள் பொறுக்கவேண்டும் என்றார்கள். "நான் இருக்கிறேனே" என்றேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இந்த நாட்டில் என் தமிழ் ஒரு வேலைக்கு உதவியது அதுவே முதல் தடவை.

ரெகுலா கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் தமிழில் கேட்டேன். இடையில் சிவபாலன் அண்ணை என்னைப் பார்த்து, "நீர் எவடம் பிள்ளை?" என்றார். சுன்னாகம் என்றேன். "அப்ப பக்கத்திலதான். நாங்கள் மல்லாகம்" என்று மனைவி முந்திக்கொண்டார். அந்த நிமிடமே என் தாதிச் சட்டை கழன்று விழுந்தது போலிருந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளையாக, இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

ரெகுலா அந்தக் கேள்விக்கு வந்தார். "நேராகக் கேள், சுற்றி வளைக்காதே" என்றும் சொன்னார். நான் அண்ணையின் நரைத்த தலையைப் பார்த்தேன். பக்கத்தில் மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் கேட்டேன்:

"அண்ணை, சில நேரம் மனம் வெறுத்துப்போய், என்ன சீவியம் எண்டு யோசிக்கிறனீங்களோ?"

அவர் சிரித்தார். "ஆருக்குத்தான் அப்பிடி வாறேல்லைப் பிள்ளை? அப்பிடி ஒண்டுமில்லை." பிறகு மனைவியின் பக்கம் திரும்பாமலே, "இனி இவையள் ஆறுதலா இருக்கலாம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டதால் குடும்பத்துக்கு நிம்மதி என்கிறார் என்று ரெகுலாவுக்கு மொழிபெயர்த்தேன். அந்த வசனத்துக்குள் அவர் இல்லை என்பது என் காதில் விழாமல் போகவில்லை. விழுந்தது. வேறு யாராவது ஜெர்மன் மொழியில் சொல்லியிருந்தால் உடனே நிறுத்தி, என்ன கருதுகிறீர்கள் என்று கேட்டிருப்பேன். அன்று கேட்கவில்லை. பணி மாறும்போது அடுத்தவர்களிடம் ஒப்படைக்கும் குறிப்பில், "தற்கொலை எண்ணம் இல்லை என்கிறார்" என்று எழுதினேன். நான் கேட்காத கேள்விக்கு அவர் சொல்லாத பதில் அது.

அந்தக் குறிப்பை நம்பி, சனிக்கிழமை பிற்பகல் அவரைத் தனியாக நடந்துவர விட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் வரவேண்டியவர் மூன்று மணித்தியாலமாக வரவில்லை. கடைசியில் பொலிஸ் வண்டியில் வந்து இறங்கினார். ஆற்றங்கரையில் நாயோடு நடந்துவந்த ஒரு வயதான சுவிஸ் பெண்மணி அவரைக் கண்டு, பொலிசை அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை அவருடைய கையை விடாமல் பிடித்தபடி நின்றிருக்கிறார்.

திங்கட்கிழமை தேநீரோடு அவருடைய அறைக்குப் போனேன். யன்னலோரக் கதிரையில் இருந்தார்.

"அந்த மனுசி என்னைப் பாத்து, சாகப் போறியோ எண்டு கேட்டா. எனக்கு விளங்கிச்சு. நான் ஓம் எண்டன்" என்றார். பிறகு யன்னலைப் பார்த்தபடி, "அதுவரைக்கும் என்னை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லைப் பிள்ளை."

"நான் கேட்டிருக்கவேணும் அண்ணை. ரெகுலா அதைத்தான் கேக்கச் சொன்னவா. நான் மாத்திக் கேட்டுட்டன்."

அவர் தேநீரைத் தொடவில்லை. "குறை நினைக்காதையும். இனி நீர் வேண்டாம். உம்மோட கதைக்கேக்கை ஊர் முழுக்க இந்த அறைக்குள்ள நிக்கிறமாதிரி இருக்குது."

அன்றைக்கே ரெகுலாவிடமும் பொறுப்பு மருத்துவரிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். யாரும் திட்டவில்லை. "நீ மொழிபெயர்க்கவில்லை, அவரைக் காப்பாற்றப் பார்த்தாய், வெட்கத்திலிருந்து" என்று மட்டும் ரெகுலா சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை சூரிச்சிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் தொலைபேசி வழியே பேசினார். முகம் தெரியாத குரல் அண்ணைக்குப் போதுமாக இருந்தது. மற்ற நாட்களில் ரெகுலாவோடு தானே கதைத்தார். நடைபாதையில் போகும்போது அவருடைய சமையலறை ஜெர்மன் கேட்கும். வேற்றுமை உருபும் இல்லை, காலமும் இல்லை. "நான் சட்டி. சட்டி காலி. சட்டி எதுக்கு?" என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார். என் நல்ல தமிழுக்குள் அவர் வைக்காத துக்கத்தை, அந்த உடைந்த மொழிக்குள் வைத்துவிட்டார். மருந்துத் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றேன். அவர் வேண்டாம் என்றபின் உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை.

ஏழு வாரத்தில் தேறி வீட்டுக்குப் போனார். தைப்பொங்கலன்று இருவரையும் கோயிலில் கண்டேன். மனைவி என் கையைப் பிடித்து, "தங்கச்சி, சுகமோ?" என்றார். அண்ணை தலையை மட்டும் அசைத்துவிட்டு, சப்பாத்து வைக்கும் இடத்தை நோக்கி நடந்தார்.

அடுத்த நாள் உடைமாற்றும் அறையில் ரெகுலா, "உண்மையில் நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார். அவமானமாக இருக்கிறது, நித்திரை வருவதில்லை, சில காலைகளில் எழும்பவே மனமில்லை என்று ஜெர்மன் மொழியில் தடக்கமின்றிச் சொல்லி முடித்தேன். அழவும் செய்தேன். பின்னேரம் பூம்ப்ளிஸில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் ட்ராமில், சுன்னாகத்திலிருந்து என் தங்கச்சி வீடியோவில் வந்தாள்.

"ஏன் அக்கா முகம் வாடிக்கிடக்கு?"

"ஒண்டுமில்லையடி. குளிர். வெளியில பனி கொட்டுது, பாரன்."

அவளுக்குக் காட்டவென்று போனை யன்னல் பக்கம் திருப்பினேன். கண்ணாடியில் பனியோடு சேர்ந்து என் முகமும் விழுந்தது. போனைச் சற்று மேலே உயர்த்தி, பனி மட்டும் தெரியும்படி பிடித்தேன்.

"வடிவா இருக்கு" என்றாள்.