கட்டிலுக்கு அடியில் காட்டிய முகங்கள்

என் வீட்டுக்காரருக்கு இருந்ததே ஒரு கண்தான். மற்றது சின்ன வயசிலேயே போய்விட்டது. வலையில் சிக்கிய கெளுத்தி மீனைக் கழற்றும்போது அதன் முள் மிச்சமிருந்த இந்தக் கண்ணில் ஏறியது. கருவிழி வெள்ளையாய்ப் பூத்தது, பின்னால் விழித்திரையும் கழன்றுவிட்டது.

பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து சென்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு ரயில். கருவிழி டாக்டர், "விழித்திரை சரியில்லாம மேல மட்டும் மாத்தி என்ன பிரயோஜனம்?" என்று விழித்திரை டாக்டரிடம் அனுப்பினார். அவரோ, "கருவிழி மங்கலா இருக்கே, உள்ள எப்படிப் பார்த்து ஒட்டறது?" என்று திருப்பி அனுப்பினார். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். இப்படியே ஆறு மாசம். கடைசியில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"ஏன் சார், நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா? நடுவுல நான் தூது போவணுமா?"

அப்புறம்தான் இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம் என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் கருவிழியை வைத்து, அதன் வழியே பார்த்து விழித்திரையை ஒட்டினார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவான் தந்த கருவிழியைத் தைத்தார்கள். கண்ணுக்குள் காற்று அடைத்திருப்பதால் குப்புறவே கிடக்க வேண்டும் என்றார்கள்.

கயிற்றுக் கட்டிலில் முகத்துக்கு ஓட்டை விட்டுப் படுக்க வைத்தேன். எங்கள் குப்பத்தில் பார்க்க வந்தவர் முகத்தை நோயாளி பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் வந்ததாகவே ஆகாது. அதனால் வந்தவர்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து நுழைந்து முகம் காட்டினார்கள். ஊர்த் தலைவரே வேட்டியை மடித்துக்கொண்டு நுழைந்தார். இவரும் ஒவ்வொருவரையும் முறை சொல்லி வரவேற்றார். பார்வை வந்துவிட்டது என்று நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்.

தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வாயைத் திறக்காமல் உள்ளே போனாள்.

"வா மாமா" என்றார் இவர்.

"எனக்கு இன்னா மீசையா கீது?" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போனதும் கேட்டேன்.

"எல்லாரையும் இருமல், பீடி நாத்தம், அத வெச்சிதான் சொன்னேன். இவ சத்தமே காட்டல. கண்ணு பூரா புகையாத்தான் கீது. நீ சந்தோசமா இருந்தியா, அதான் சொல்லல."

ஓங்கி அடிக்கலாம் போல வந்தது. குப்புறக் கிடப்பவரை எங்கே அடிப்பது?

அதற்கப்புறம் தினமும் யாரும் இல்லாத நேரத்தில், சத்தமில்லாமல் நானே அடியில் போய்ப் படுப்பேன். மூச்சுகூட விடமாட்டேன். அவர் சும்மா கிடப்பார். நான் எழுந்து சோறு வடிக்கப் போவேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, "இன்னா மே, முன்னாடி முடியெல்லாம் இப்படி நரைச்சுப் போச்சு?" என்றார்.

வேறு நாளாக இருந்தால் நான் போடும் சத்தத்தில் ஊரே கூடியிருக்கும். எனக்கு அழுகைதான் வந்தது.

"இன்னொரு தபா சொல்லுய்யா" என்றேன்.