தூங்குகிற பிள்ளையை எழுப்பியவள்

சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடங்கள் ஆகியிருக்கும். மலையகத்தில் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். எனக்கு வயது இருபத்திரண்டுதான். ஆனாலும் பல் போன கிழவர்கள்கூட என்னை ஆயாம்மா என்றே கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு நாள் காலை, ஒரு குழந்தை குடித்த பாலைக் கக்கி, அது மூச்சில் ஏறி, முகம் நீலம் பாரித்துவிட்டது. தற்செயலாகத் தொட்டிலருகே நின்ற நான், தூக்கிக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டினேன். அழுகை வந்தது. தோட்டத்து மருந்துக் காம்பரா ஐயா வந்து பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். மாலையில் குழந்தை சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு போய்விட்டது.

நான் மட்டும் அப்போது அடுப்படியில் இருந்திருந்தால்? தண்ணீர் எடுக்கப் போயிருந்தால்? இந்த நினைப்பு என்னை விடவேயில்லை. மறுநாளிலிருந்து தொட்டில் தொட்டிலாகப் போய், தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். மூச்சு வருவது தெரியும். விரலை எடுத்ததும் சந்தேகம் வந்துவிடும். மறுபடி வைப்பேன். அப்போதும் மனம் ஆறாவிட்டால் உள்ளங்காலைச் சுண்டிவிடுவேன். குழந்தை வீறிட்டு அழுதால்தான் எனக்கு உயிர் வரும். ஒன்று அழுதால் மற்றவை சும்மா இருக்குமா? காம்பரா சந்தைக்கடையாகிவிடும்.

நாங்கள் வேதக்காரர்கள். நான் செபம் செய்யாமல் இல்லை. செபமாலையை எடுத்தால் மணிக்கொரு பிள்ளையாக நினைவுக்கு வரும். மாதாவே, இந்தப் பிள்ளையைக் காப்பாற்றும் என்பேன். சொன்ன கையோடு எழுந்துபோய் அதன் மூக்கில் விரலை வைப்பேன். மாதாவுக்கே என்னைப் பார்த்துச் சலித்திருக்கும்.

பகலில் தூங்க விடாத பிள்ளைகள் லயத்து வரிசை வீடுகளில் இரவெல்லாம் சிணுங்கின. விடியும் முன்பே எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டிய அம்மாமார் சிவந்த கண்களோடு வந்தார்கள். ஒருத்தி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே மழையில் கொழுந்துக்குக் கிளம்பிவிட்டாள். கங்காணி சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அவள் என் முகத்தைப் பார்க்காமலே பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை, கொழுந்துக்கே போய்விடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேச்சு லயம் முழுவதும் பரவிவிட்டது.

மறுநாள் பால் கொடுக்கும் நேரத்தில், மூச்சுத் திணறிய அந்தக் குழந்தையின் அம்மா வந்தாள். இடுப்பில் கொழுந்துக்காரிகள் மழைக்குக் கட்டும் படங்குச் சாக்கு நனைந்திருந்தது, நெற்றியில் பாதி கரைந்த திருநீறு. மகனை மடியில் போட்டுக்கொண்டு, வேலையை விடப்போவது உண்மையா என்று கேட்டாள். அவளிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள்: “எனக்கு மட்டும் பயம் இல்லீங்களா, ஆயாம்மா? காலையில இவன ஒங்க கையில குடுத்துட்டுப் போறேன். அப்புறமும் இவனையே நெனச்சுக்கிட்டு நின்னா ஒரு கொழுந்து பறிக்க முடியுங்களா? ஆயாம்மாகிட்ட இருக்கான்னு மலையப் பாத்து நடந்துருவேன். நீங்களும் ஒங்க சாமிகிட்ட குடுக்குறீங்கல்ல? குடுத்துட்டு ஏன் திரும்பத் திரும்பப் புடுங்கிக்கிறீங்க?”

அன்று முழுவதும் எனக்குக் கோபம். எங்கள் கோயில் வாசலைக்கூட மிதிக்காதவள் எனக்குச் செபம் சொல்லித் தருகிறாளா? கோபம் ஆறியபோது வெட்கமாக இருந்தது. அவள் என்னை நம்பிய அளவுக்குக்கூட நான் ஆண்டவரை நம்பவில்லை.

வேலையை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை ஒவ்வொரு பிள்ளையையும் வாங்கும்போது நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, இது உம்முடைய கையில் என்று சொன்னேன். என் வேலையில் குறை வைக்கவில்லை. பால் குடித்த பிள்ளையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விட வைத்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அவ்வப்போது சத்தமில்லாமல் நடந்து கண்ணால் பார்த்தேன். விரலை மட்டும் நீட்டுவதில்லை. பலகையில் உட்கார்ந்தால் விரல் பரபரக்கும். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொள்வேன். கொடுத்தாயிற்று, கொடுத்தாயிற்று என்று வாய்விட்டுச் சொல்வேன். முதலில் தோற்ற நாட்களே அதிகம். தோற்றால் மறுநாள் காலையில் மறுபடி சிலுவை போட்டுத் தொடங்குவேன். விடுவதாக இல்லை.

மெல்ல மெல்லப் பிள்ளைகள் தூங்கின. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தை அந்தக் காம்பராவில் அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டேன்.

அப்படி எல்லாம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். மழை விட்டிருந்தது. கடைசித் தொட்டிலிலிருந்து களக் என்று ஒரு சின்னச் சத்தம். போய்ப் பார்த்தால், வேறொரு குழந்தைக்கு அதே மாதிரிப் பால் ஏறியிருந்தது. தூக்கினேன், கவிழ்த்தேன், தட்டினேன். பால் வெளியே வந்தது. குழந்தை அழுதது. நானே எழுப்பிவிட்ட பழைய அழுகைக் கூச்சலில் அந்தச் சத்தம் என் காதில் விழுந்திருக்குமா? விழுந்திருக்காது.

குழந்தை தோளிலேயே தூங்கியது. தொட்டிலில் போட்டேன், சிலுவை போட்டேன், சற்று நின்று பார்த்தேன். விரல் நீளவில்லை. அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனேன்.

இன்று என் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஒரு வாரம் சேதி வராவிட்டால் மனம் பழையபடி ஓடத் தொடங்கும். அப்போதெல்லாம் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன், எனக்கு விசுவாசம் கற்றுத் தந்த அந்தத் திருநீற்று நெற்றியை நினைத்துக்கொண்டே.