மதலைமுத்து பேரில் ஒரு கார்

மதலைமுத்துவுக்குச் சொந்தமாக ஒரு கார் உண்டு என்று சொன்னால் வல்லத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதுக் கொத்தனார். வேலைக்குச் செஞ்சி வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய், பொழுது சாய முட்டியைத் தேய்த்துக்கொண்டே திரும்புகிறவர். ஆனால் சர்க்கார் பதிவேட்டைக் கேட்டால் பதின்மூன்று வருடமாக அவர் கார்க்காரர். அதில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

எல்லாம் மச்சான் பிரிட்டோவால் வந்தது. சென்னையில் கம்பெனி வேலை பார்க்கும் அவனுக்கு 2012இல் புது டீசல் கார் ஆசை வந்தது. அப்போது வண்டி விடுகிற புகைக்கும் ஊர் பார்த்துத்தான் விதி. சென்னையில் புதிதாகப் பதிய வேண்டுமானால் பி.எஸ். நாலு என்கிற கடுமையான தரம் வேண்டும். வல்லம் இருக்கிற விழுப்புரம் மாவட்டத்தில் அதற்கு ஒரு படி கீழே, பி.எஸ். மூன்றே போதும். பட்டணத்தான் நெஞ்சுக்கு ஒரு காற்று, நம் நெஞ்சுக்கு ஒரு காற்று என்று யார் பிரித்தார்களோ! அந்த மூன்றாம் தரத்துக் கார் விலையும் குறைவு, காத்திருக்கவும் வேண்டாம். வாங்குகிறவருக்கு மாவட்டத்தில் ஒரு முகவரி இருந்தால் சரி. அக்கா புருஷன் மதலைமுத்துவிடம் அது இருந்தது.

"தம்பி ஆசையா கேக்குறான். ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடுங்க" என்றாள் இருதயமேரி. மனைவி சொன்னாள் என்று அவரும் போட்டார். கோயில் வாசலில் சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்த கையோடு கார் சென்னைக்குப் போய் அங்கேயே புகை விட ஆரம்பித்தது. ஐந்து வருடத்தில் நாடு முழுக்க ஒரே விதியாகிவிட்டது. பெயர் மட்டும் மதலைமுத்துவிடமே தங்கிவிட்டது.

கார் எங்கே போகிறது என்பதை அபராத மெசேஜ் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்வார். தாம்பரத்தில் சிக்னல் தாண்டியது, அண்ணா நகரில் கண்ட இடத்தில் நின்றது. ஒருமுறை வேளாங்கண்ணியிலிருந்து வந்தது. ஆறு வருடமாக நேர்ந்துகொண்டு போக முடியாமல் கிடக்கிற இருதயமேரிக்கு அதை எப்படிப் படித்துக் காட்டுவது? போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அபராதத்தைப் பிரிட்டோ கட்டிவிடுவான், அதில் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் வந்தது. மகளிர் உரிமைத் தொகைக்கு இருதயமேரி மனுப் போட்டாள். குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருப்பதால் தகுதியில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தாள், அதே பதில். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கக்கூடப் புருஷனிடம் கை நீட்டாமல் தன் பேரில் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வர வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. கையெழுத்துப் போடச் சொன்னதும் அவள்தான். அதனால் வாய்விட்டு அழவும் முடியவில்லை.

பேரை மாற்றிக்கொள்ளச் சொல்லி மதலைமுத்து போன் செய்து சலித்துப்போனார். பழைய புகைத் தரத்து வண்டி, மெட்ராஸ் முகவரிக்கு மாற்ற ஒப்ப மாட்டார்கள், பதிவுக் காலம் பதினைந்து வருடம் முடியட்டும் என்று பிரிட்டோ ஒவ்வொரு தடவையும் சொன்னான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் செஞ்சியில் வண்டி ஏஜெண்டு தனசேகரனிடம் போய் விசாரித்தார். அந்த விதி புதுக் காருக்குத்தான், ஓடிக்கொண்டிருக்கிற காருக்கு ஒரு தடையும் இல்லை, வாங்குகிறவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று சொல்லிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார் அவர். மதலைமுத்துவுக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

கல்லறைத் திருநாளன்று அம்மா கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றப் பிரிட்டோ அந்தக் காரிலேயே வந்தான். இருதயமேரி மூன்றாவது தடவை மனுப் போடக் கடைசித் தேதிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. ஜெபம் முடிந்ததும் மதலைமுத்து படிவத்தை நீட்டினார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம் மாமா" என்று பிரிட்டோ சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான்.

இருதயமேரி பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாக்கா இது, எறங்கு."

"ஏன் எறங்கணும்? ஆபீசுல கேட்டா எங்க காருன்றாங்க. எங்க கார்ல நான் குந்தக் கூடாதா?"

கல்லறைத் தோட்டத்துச் சனம் திரும்பிப் பார்த்தது. பிரிட்டோ குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான். அவள் முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து போடு. இல்லன்னா வேளாங்கண்ணிக்கு உடு. இந்த வண்டிக்கு வழி தெரியும்."

மதலைமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறைத்ததாக நினைத்திருந்த மெசேஜை அவள் எப்போதோ படித்திருக்கிறாள். இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரிட்டோ காரின் முன்பக்கத்தில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். அவர் இரண்டு தடவை சரிபார்த்து மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் அவள் இறங்கினாள். பிரிட்டோ முகம் சுருங்கி நின்றான்.

"வா அக்கா, வெயிலா இருக்குது. வூட்டாண்ட எறக்கி வுடுறேன்" என்றான்.

"வேணாம்டா. இனிமே இது உன் காரு" என்றாள் இருதயமேரி. "நாங்க நடந்தே போறோம்."