செயலாளரின் நாற்காலி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஏரிக் குழுச் செயலாளரின் நாற்காலிக் கால்களை அறுத்தது. படகுக் கொட்டகையில், பட்டப்பகலில். நான் ஆக்ஸா பிளேடு பிடித்தேன். அம்மா, சாய்த்துப் போட்ட நாற்காலி நகராமலிருக்க அதன் முதுகில் உட்கார்ந்துகொண்டாள்.

"நேரா அறு. கோணலா அறுத்தேன்னா அந்தப் பையன் தண்ணிக்குள்ள போய்த்தான் சாம்பிள் எடுப்பான்."

"நீ முதல்ல ஆடாம இரு."

"பேருக்குப் பின்னாடி இன்ஜினியர். ஒரு காலை அறுக்க ஒம்போது நொட்டை."

நான் தொழிற்சாலைகளில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவள். அம்மாவுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. "சரியா இருக்கறத சரியா இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா?" என்பாள்.

அறுத்த கால்களுக்கு அடியில் தகடு வைத்து, படகின் குறுக்குப் பலகையோடு போல்ட் போட வேண்டும். கொட்டகையில் கிடந்த போல்ட்டுகள் குட்டை. அம்மா அதில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கடைக்காரன்கிட்ட இதக் காட்டி, இதைவிட ஒரு விரல் நீளமா கேக்கறேன்."

"யாரோட விரல்?"

"என் விரல்தான். அவன் விரலைக் கேட்டா தப்பா நெனைப்பான்."

அம்மாவுக்கு ஏரி மேல் பெரிய பாசம் இருந்ததாகச் சொன்னால் பொய். வேலை பார்த்த துணி ஆலையை மூடினார்கள். அடுத்த வேலை நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று தேடினாள். ஏரி இருந்தது. படகு கழுவச் சேர்ந்து, களை எடுக்கும் ஆட்களுக்கு மேற்பார்வையாளர் ஆனாள். அப்பா இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பத்தோடு நலமாக இருக்கிறார். அம்மா அதை 'இடமாற்றம்' என்பாள். "அவருக்குப் பதவி உயர்வு, எனக்கு நிம்மதி."

குழுவில் முன்பெல்லாம் இளைஞர்கள் சும்மா வேலை செய்வார்கள். நல்ல கேமரா, நல்ல தொப்பி, சொந்தக் கார் உள்ள பிள்ளைகள். மழைக்காலம் வந்ததும் காணாமல் போவார்கள். ஒரு கூட்டத்தில் அம்மா எழுந்து நின்று கேட்டாளாம்: "சும்மா வேலை செய்ய வசதி இருக்கறவன் மட்டும்தான் ஏரியைப் பாத்துக்கணும்னா, இது என்ன அவங்க அப்பா கட்டுன நீச்சல் குளமா?" அப்போதுதான் எங்கிருந்தோ நிதி ஒன்று வந்திருந்தது. எங்கும் வேலை கிடைக்காத இளைஞர்களுக்கு ஆறு மாதம் சம்பளத்தோடு முதல் வேலை. செயலாளர் அதற்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர் வைத்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஊக்கம் அவங்ககிட்டயே இருக்கு சார். தொகையை மட்டும் குடுங்க."

ஆள் எடுக்கிற பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. யாராவது 'இயற்கைமேல் ஆர்வம்' என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுவாள். சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்கிறவர்களை எடுத்துக்கொள்வாள். அவர்கள்தான் மழைக்காலத்திலும் வருவார்கள் என்பது அவள் கட்சி. பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

வக்கீலை அவள் போனிலேயே வேலைக்கு எடுத்தாள். வக்கீல் என்பது அவள் வைத்த பெயர். எதற்கும் எதிர்வாதம் செய்வான்.

"தண்ணி நாறும். பரவாயில்லையா?"

"சம்பளம் எவ்வளவு?"

"நாளைக்கு வா."

மறுநாள் வந்தான், சக்கர நாற்காலியில். குழுவின் அலுவலகம் வெள்ளத்துக்குப் பயந்து உயரத் தூண்களில் கட்டியது. ஏறுவதற்குப் படிக்கட்டு மட்டும்தான். அவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். அம்மா மேலே நின்று குனிந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா, போன்ல சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே மேடம்."

அம்மா கொஞ்ச நேரம் படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு, "அங்கயே இரு. ஆபீஸ் கீழ வருது" என்றாள்.

மதியத்துக்குள் சோதனை மேசை, மீட்டர், பாட்டில்கள் எல்லாம் படகுக் கொட்டகைக்கு இறங்கின. தேநீர்க் கெட்டிலும் இறங்கியதால் மற்றவர்களும் தானாக இறங்கினார்கள். மேலே செயலாளரும் அவர் நாற்காலியும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் மாதம் ஒரு முறை வந்து அதில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

வக்கீல் முதல் வாரமே அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று வாதம் ஆரம்பித்தான். மேடம் என்றால் வேறு யாரையோ கூப்பிடுவது போல் இருக்கிறதாம் அவளுக்கு. "அம்மான்னு கூப்பிட்டா எங்க வீட்டு இன்ஜினியர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். அக்கான்னு கூப்பிடு, வயசாவது குறையும்." அன்றைக்கு நான் மீட்டரைச் சரிபார்க்கப் போயிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அப்ப நான் உங்களுக்குத் தாய்மாமன். வணக்கம் மருமகளே."

அவனைவிட நான் பன்னிரண்டு வயது பெரியவள். அம்மா சிரித்துச் சிரித்து, கழுவி வைத்த பாட்டில்களைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

சிக்கல் மூன்றாம் மாதம் வந்தது. நிதி கொடுத்தவர்களின் ஆய்வுக் குழு வந்து ஒவ்வொருவர் வேலையையும் பார்க்கும். ஏரியின் நடுவே போய்த் தானே தண்ணீர் எடுக்கிறவனுக்குக் களப்பணிச் சான்று. குடிநீர்ச் சோதனைக் கூடங்கள் அது இல்லாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அது இல்லையென்றால் வக்கீலுக்கு மீதி மாதங்கள் போன் எடுக்கிற வேலை. பிறகு வீடு. செயலாளர் அம்மாவிடம் ரகசியம் போலச் சொன்னார்: "அவன் ஆபீஸ்லயே இருக்கட்டும்மா. போட்டோவுக்கும் நல்லா இருக்கும்."

அன்று மாலையே அவர் நாற்காலி கீழே இறங்கியது.

அளவெல்லாம் வக்கீல் சொன்னது. துறையில் நிற்கும் அவன் சக்கர நாற்காலியும் படகின் இருக்கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இடது கைப்பிடி கூடாது, பக்கவாட்டில் நகர்ந்து ஏற வேண்டும். முதுகு உயரமாக வேண்டும். "செயலாளர் மாதிரி சாஞ்சுக்கணும்க்கா. அவர் மட்டும்தான் சாயலாமா?"

போல்ட் வாங்கப் போன அம்மா பஸ்ஸில் இறந்தாள். போல்ட் கடை இருக்கும் நிறுத்தத்தில் அவள் இறங்கவில்லை. தூங்குகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். கடைசி நிறுத்தத்தில்தான் ஓட்டுநர் வந்து தோளைத் தொட்டிருக்கிறார். டிக்கெட் எடுத்ததைவிட அதிக தூரம் போயிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பாள்.

இதயம் என்றார்கள். மருத்துவமனையில் அவள் பொருட்களை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடி, பர்ஸ், வீட்டுச் சாவி, ஒரு போல்ட். கொடுத்த பெண் போல்ட்டைத் தனியே நகர்த்தினாள்.

"இது தவறி வந்துடுச்சு போல."

"இல்ல. அவங்களோடதுதான். மாதிரி."

இரங்கல் கூட்டத்தை மேலே அலுவலகத்தில் வைக்கப் பார்த்தார்கள். வக்கீல் படிக்கட்டைக் கையால் காட்டினான். கூட்டம் கொட்டகைக்கு வந்தது. செயலாளர் அம்மாவை 'ஏரியின் தாய்' என்றார். அவளுக்கு ஏரி என்று ஒரு பிள்ளை இருந்தால் அதையும் சம்பளம் கேட்கச் சொல்லியிருப்பாள். பேசி முடித்ததும் வழக்கம்போல் உட்காரப் பின்னால் கையை நீட்டித் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. எங்கே என்று கேட்க அது நேரமில்லை என்று அவருக்கும் தெரிந்தது. நின்றுகொண்டே இருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மாவின் ரப்பர் பூட்ஸை எடுக்கப் போனேன். வக்கீல் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. அமிலம் என்றான். அன்று அமிலம் எதையும் யாரும் திறக்கவில்லை.

செயலாளர் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, திங்கக்கிழமை ஆய்வுக் குழு வருது. இந்த நிலைமையில படகெல்லாம் வேண்டாம். போனையே பாத்துக்கோ."

"எந்த நிலைமை சார்? அக்கா போனதா, நான் உக்காந்திருக்கறதா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். துறையில் கட்டியிருந்த படகின் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. நடுவில் மட்டும் ஆள் உட்கார்ந்த உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அது என்ன?"

"உங்க நாற்காலி சார்," என்றேன்.

அவரே போய்த் தார்ப்பாயை இழுத்தார். ஒற்றைக் கையோடு, குட்டைக் கால்களோடு இருந்ததை வெகுநேரம் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். மனிதர் படகில் இறங்கி, பழக்க தோஷத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல் சாய்ந்தார். நாற்காலி அவரோடு சேர்ந்து பின்னால் போனது. இரண்டு பளபளப்பான காலணிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

ஓடிப்போய்த் தூக்கினேன். வக்கீல் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அவன் தோள் மட்டும் குலுங்கியது. அம்மா இருந்திருந்தால் அவ்வளவு நாகரிகம் காட்டியிருக்க மாட்டாள்.

செயலாளர் சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"ஆடுது."

"போல்ட் இன்னும் வரல சார்."

"எப்ப வரும்?"

"அம்மா வாங்கப் போனாங்க."

செயலாளர் கைக்குட்டையால் நாற்காலியின் முதுகைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"திங்கக்கிழமைக்குள்ள போட்டுடுங்க," என்றார். "பெல்ட் ஒண்ணும் வைங்க. பின்னால சாயுது." போய்விட்டார்.

"பெல்ட்டாம் மருமகளே," என்றான் வக்கீல். "அனுபவம் பேசுது."

தகட்டையும் பலகையையும் சேர்த்து வெர்னியரில் அளந்தேன். பையிலிருந்த மாதிரி போல்ட்டையும் அளந்தேன். வித்தியாசம் பதினாறு மில்லிமீட்டர். என் விரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். போதவில்லை. அம்மாவுக்கு ஒவ்வொரு விரலும் கட்டைவிரல் தடிமன்.

"கடை எங்கன்னு தெரியுமா?" என்று வக்கீல் கேட்டான்.

"பஸ் தெரியும். நிறுத்தம் அம்மா டிக்கெட்ல இருக்கு."

மறுநாள் காலை அதே பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். கடைக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே எழுந்து, கதவருகே போய் நின்றுகொண்டேன்.