மடியில் ஸ்பிரிங் பெட்டி

உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். மெல்லிசைக் குழுவில் எக்கோ மிஷின் பார்க்கிறவனுக்கு அது ஆகவே ஆகாது. மொரப்பூர் பக்கம் ஒரு மாதா கோவில் திருவிழாவில்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளில் எதிரொலி இல்லாத பாட்டை எங்கள் பக்கம் பாட்டென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வையிங்க" என்பார்கள். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று டேப் எக்கோ, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். புல்லாங்குழலுக்கு வைத்தால் சொக்கிப் போகலாம். தபேலாவுக்கு வைத்தால் ஒரு தட்டு மூன்று தட்டாகித் தாளம் நாசம். மற்றது தகரப் பெட்டிக்குள் ஸ்பிரிங் கட்டியது. பாடுகிற குரலைப் பெரிய மண்டபத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும். ஆனால் பெட்டி அதிர்ந்தால் ஸ்பீக்கரில் இடி விழும்.

அன்று எங்கள் பாடகனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அரூரில் தையல் கடை வைத்திருந்தவன், என் கூட்டாளி. அவன் பாட்டைக் கேட்டுப் பார்க்கவென்றே சேலத்துப் பெரிய குழுக்காரர் ஒருவர் ரயிலேறி வந்து முன்வரிசையில் இருந்தார். பிடித்துவிட்டால் தன் குழுவில் சேர்த்துக்கொள்வார்.

"மாப்ள, மேல போனா கரகரங்குது. டேப்பப் போட்டு மூடி உட்ருடா."

"டேப்பு உங் கரகரப்பையும் மூணு தடவ சொல்லும். ஸ்பிரிங்கு தரேன், வாய மூடிகிட்டுப் பாடு."

"வாய மூடிகிட்டு எப்டிடா பாடறது?"

பெட்டியை மேடைப் பலகை மேலேயே வைத்தேன் பாருங்கள், அதுதான் மடத்தனம். முதல் பாட்டுக்கே பிள்ளைகள் மேடையேறிக் குதித்தார்கள். டமார்! நல்ல வெயிலில் ஒரு அம்மா அண்ணாந்து பார்த்து, "மழ வருதுங்களா?" என்றார். பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இனிமேல் கால் ஆடக் கூடாது. அடக்கிய ஆட்டமெல்லாம் கைக்கு வந்து, குழலின் எக்கோவைக் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி கூட்டினேன். குழல்காரர் திரும்பி, "ஏங்க, ஊதறது நானா நீங்களா?" என்றார்.

கடைசிப் பாட்டில் உச்சி இடம் வந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை எச்சில் விழுங்கியதையும் பார்த்திருந்தேன். குரல் உடையப் போகிறது என்று பட்டதும் உள்ளங்கையால் பெட்டியை ஓங்கி அறைந்தேன். இடி. கூட்டம் சிரித்தது. சத்தம் அடங்கும்போது அவன் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, பத்திரமாகப் பாடிக்கொண்டிருந்தான்.

"பாடற தம்பி வரட்டுங்க. அந்த மிஷின்காரர் மட்டும் வேணாங்க" என்றார் சேலத்துக்காரர்.

அவரை ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி நகர்ந்த பிறகு என் கூட்டாளி சொன்னான்: "உங் காலக் கட்டிப் போட்டிருக்கணும்டா. உச்சியத் தொட்டேன். அப்பிடி ஒருநாளும் வந்ததில்ல. ஒருத்தனும் கேக்காமப் பண்ணிட்டியே."

கால் இல்லை, கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிஜமாகவே தொட்டானா? பெட்டியைக் கட்டிப் பிடித்திருந்த எனக்கும் இடிதான் கேட்டது. இதை எழுதும்போதும் மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டிருக்கிறது.