எங்கள் தெரு இல்லாத மும்பை

"…சந்து பொந்தெல்லாம் எதுக்கு டீச்சர்? படம் லட்சணமா இருக்குல்லா, அது போதும்," என்று சொல்லிக்கொண்டே, முலுண்டிலிருந்து வந்திருந்த தமிழ்ச் சங்கச் செயலாளர் அண்ணாச்சி, தாராவியில் நான் நடத்தும் மாலை வகுப்பின் சுவரில் ஒரு மும்பை வரைபடத்தை மாட்டினார்.

நான் கேட்டிருந்தது தெருத்தெருவாக அச்சிட்ட சாதாரணப் படம். பிள்ளைகள் அதை வைத்து வழி பார்க்கப் பழக வேண்டும். அண்ணாச்சி தேர்ந்தெடுத்ததோ பளபளப்பானது. கீழே 'உபயம்' என்று அவர் பெயரைப் போடத் தோதாக இடம் இருந்தது. மாட்டுங்காவின் பூங்காவும் செம்பூரின் தெருக்களும் அதில் இருந்தன. தாராவி மட்டும் ஒரு கோடுகூட இல்லாத சாம்பல் திட்டு.

நான்காம் வகுப்பு ஜெபசெல்வியை அழைத்து, "உங்க வீட்டுலேருந்து ஸ்டேஷனுக்கு வழி காட்டும்மா," என்றேன். அவள் விரல் அந்தச் சாம்பலில் அலைந்து நின்றது.

"மிஸ், நம்ம ஏரியாவை இடிக்கப் போறாங்கன்னு அப்பா சொன்னாங்க. அதுக்குள்ள அழிச்சிட்டாங்களா?"

நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். "பதில் சொல்லுங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

"படம் போட்டவன் தப்புக்கு என்னைய ஏன் ஏசுதீய?"

"போட்டது எவனோ. மாட்டுனது நீங்கல்லா!"

எங்கேயோ அச்சான படத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. வகுப்புச் சுவரில் தொங்குவதைப் பிள்ளை உண்மையென்றே நம்பும். அது தெரிந்தும் கைக்குக் கிடைத்ததை மாட்டுகிறோமே, அந்த அலட்சியத்தை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது.

அண்ணாச்சி ஜெபசெல்வியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் ஏறி, ஆணியிலிருந்து படத்தை இறக்கினார்.