நான்கு மணி நேரம் என்று எழுதியவர்

மோட்டார்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘அப்படியா’. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். பேருந்தின் பலகையைப் படித்த பிறகும் ஓட்டுநரிடம் கேட்பார். பிறகு நடத்துநரிடம், பக்கத்து இருக்கைக்காரரிடம். மூவரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால், பேசிவைத்துக்கொண்டார்களோ என்று பார்ப்பார். பதினெட்டு வருடமாக ஊருக்குத் தண்ணீர் விடுகிறார். வால்வை மூடிவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தடவை திருகிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் திட்டக்குழு கண்ணை மூடிக்கொண்டு நம்பியது.

அடுத்த இருபது ஆண்டுகளுக்கான கிராம வளர்ச்சித் திட்டம் அது. வெயிலில் ஓடும் மோட்டார், புதுத் தொட்டி, நீர்மட்டத்தைக் கைபேசியில் காட்டும் கருவி. ஊருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். நகரத்திலிருந்து வந்த இளம் பொறியாளர், மோட்டார் அறை அலமாரியிலிருந்த பதினெட்டுப் பதிவேடுகளையும் அள்ளிக்கொண்டார்.

“ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்கீங்க, ஐயா. திட்டமே இதுமேலதான் நிக்கப்போகுது.”

“அப்படியா?” என்றார். இந்த முறை இன்னொருவரிடம் கேட்கப் போகவில்லை.

விஷயம் இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளதை உள்ளபடி எழுதினார்: மோட்டார் ஆறு மணி நேரம் ஓடியது. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: விதிப்படி நான்குதானே, விளக்கம் தேவை. விளக்கினார். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். மோட்டாருக்கு மின் மீட்டர் கிடையாது; அவர் எழுதுவதுதான் கணக்கு. அன்றிலிருந்து மோட்டார் ஏறக்குறைய ஆறு மணி நேரமும் பதிவேடு நான்கு மணி நேரமும் ஓடின. கடிதம் நின்றது.

இப்போது அந்த நான்குக்கு ஏற்ற தொட்டி வரப்போகிறது. கடைசித் தெருவுக்கு இருபது வருடம் தண்ணீர் எட்டாது. அவர் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது கடைசித் தெருவில்தான்.

“ஊர்ல ஒருத்தரையும் நம்பாத மனுஷன். கடைசியில பொய் எழுதினது நீங்கதானா?” என்றாள் மனைவி.

“சொன்னா வேலை போயிடும்டி.”

“சொல்லாட்டி உங்க மக குடத்தோட வந்து வாசல்ல நிப்பா. அவகிட்ட பதிவேட்டைக் காட்டுங்க.”

ஊர்க்கூட்டத்தில் சுவரில் திட்டப்படம் விழுந்துகொண்டிருந்தபோது எழுந்தார். “அந்தக் கணக்கை நம்பாதீங்க.”

“நீ எதைத்தான்யா நம்பியிருக்கே!” என்றார் ஊராட்சித் தலைவர். கூட்டம் சிரித்தது.

“இது நான் எழுதின கணக்கு.”

சிரிப்பு நின்றது. எல்லாவற்றையும் சொன்னார். பொறியாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“தெரியும், ஐயா. கரண்டு போகாத நாளே இல்லாத ஊரு. உங்க பதிவேட்டுல மட்டும் மழையோ வெயிலோ நாலே மணி நேரம். அதான் போன வாரம் குழாயில ஒரு மீட்டர் மாட்டினேன்.”

மோட்டார்காரர் முகம் சிவந்தது. “என்னைக் கேக்காமலா? என்மேலேயே சந்தேகமா?”

ஊர் சிரித்து ஓயச் சற்று நேரம் பிடித்தது. “உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்,” என்றார் தலைவர். அந்த ‘அப்புறம்’ எப்படிப்பட்டது என்று மோட்டார்காரர் அவர் முகத்தையே பார்த்தார். தெரியவில்லை.

பொறியாளர் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டார். “மீட்டர் ஒரு வாரத்தைத்தான் சொல்லும். கோடையில எவ்வளவு ஓடுச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

சொன்னார். கோடையில் எட்டு, மழையில் ஐந்து, பள்ளி விடுமுறையில் அரை மணி கூடுதல். பொறியாளர் கணினியில் ஏற்றிக்கொண்டார்.

“இதையாவது நம்பலாமா, ஐயா?”

யோசித்தார். “வேண்டாம். கோடையில வந்து பக்கத்துல நின்னு பாருங்க. அதுவரைக்கும் தொட்டிக்குக் கல்லு வைக்காதீங்க.”

ஒரு கோடை முழுக்க அளந்த பிறகே தொட்டி என்று பொறியாளர் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதினார். மோட்டார்காரர் கணினியைத் தன் பக்கம் திருப்பி, வாய்விட்டுப் படித்தார். பிறகு பொறியாளரையும் ஒரு தடவை படிக்கச் சொன்னார்.